பழைய புல்லட் கிளட்ச்: அறிகுறியைப் பார்த்துப் பாகம் வாங்குவது எப்படி

கிளட்ச் கோளாறு என்று வண்டியை நிறுத்தினால் நாகர்கோவிலிலும் சரி மார்த்தாண்டத்திலும் சரி, முதலில் காதில் விழுவது "ஃபுல் செட் மாத்திரலாம்" என்பதுதான். பிளேட், ஸ்பிரிங், டிரம் (பிளேட்டுகள் அடங்கும் வெளிக் கிண்ணம்), சென்டர் (நடுவே கியர்பாக்ஸ் ஷாஃப்டில் நிற்கும் உள்பாகம்) எல்லாம் புதிதாகப் போட்டும் பத்து நாளில் அதே கோளாறு திரும்ப வரும். பாதி வண்டிகளில் பழுது பிளேட்டில் இருப்பதே இல்லை. கேபிளிலோ புஷ் ராடிலோ (கிளட்ச்சைத் தள்ளித் திறக்கும் கம்பி) ஊற்றிய ஆயிலிலோதான் இருக்கும். அதனால் முதலில் அறிகுறியைப் பார்த்து, பிறகு அளந்து, கடைசியில் கடைக்குப் போவதுதான் முறை.

கீழே சொல்வது இரும்பு சிலிண்டர், வலது கால் கியர், நாலு கியர் ஆல்பியன் பெட்டி உள்ள புல்லட் 350-ஐ மனதில் வைத்து. ஆர்எக்ஸ் 100, ஜாவா, யெஸ்டி மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

கவரைத் தொடும் முன்

கேபிள் அட்ஜஸ்டர் எல்லாவற்றையும் முழுசாகத் தளர்த்துங்கள். வலப்பக்கம் கியர்பாக்ஸ் மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ தெரியும். புஷ் ராடைத் தள்ளும் ஸ்க்ரூ அதுதான். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ ராடில் போய் முட்டுவது கையில் தெரியும் வரை உள்ளே திருப்புங்கள். முட்டியதும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை பின்னால் எடுத்து நட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் கேபிள். கை லிவரின் அடியில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆட்டம் காணாமல் போனால் கேபிள் போகிற வழி தப்பு.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராடு தேய்ந்ததை எல்லாம் கேபிளை இழுத்தே சரிக்கட்டுவார்கள். கடைசியில் கியர்பாக்ஸ் பக்கத்து ஆர்ம் கோணல் மாணலாக நின்று, லிவரை எவ்வளவு இழுத்தாலும் ராடு பாதிதான் நகரும். லிவரைப் பாதி இழுத்த நிலையில் ஆர்மும் கேபிளும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும்.

முறுக்கினால் இரைச்சல் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

இது ஸ்லிப். தட்டையான ரோட்டில் தெரியாது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் பின்னால் ரப்பர் ஷீட் கட்டோடு போகும்போது தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மேற்கே வந்தால், எதிர்காற்றே போதும், டாப் கியரில் திராட்டிலைக் கொடுத்ததும் என்ஜின் மட்டும் கத்தும்.

நாலு கியர் புல்லட்டில் இன்னொரு அடையாளம், கிக்கர் வழுக்குவது. கிக்கரின் வேகம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட், கிளட்ச், பிரைமரி செயின் (என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின்) வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் பிடிக்காவிட்டால் கிக்கர் 'சொய்ங்' என்று கீழே போய்விடும். ஆனால் கிக்கர் ராச்செட் (மிதிக்கும்போது மட்டும் பிடிக்கும் ஒருவழிப் பல்) தேய்ந்தாலும் அதே மாதிரிதான் போகும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பிளேட் வாங்கினால் காசு தண்டம்.

பிரித்துப் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றுங்கள், பிரேக் பெடலை வழியிலிருந்து விலக்குங்கள். அடியில் தட்டு வைத்து ஆயிலை வடித்து, நடு நட்டை எடுத்தால் பிரைமரி கவர் கையோடு வரும். வண்டி சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், சாவி அணைந்து இருக்கட்டும். பிரஷர் பிளேட்டின் (ஸ்பிரிங் பலத்தில் பிளேட் அடுக்கை அழுத்தும் வெளித் தட்டு) விளிம்பிலிருந்து டிரம்மின் விளிம்பு வரை ஒரே கோடாகச் சாக்பீஸால் இழுங்கள். இப்போது ஒருவர் கிக்கரை மெதுவாக, பாரமாக மிதிக்க, மற்றவர் கோட்டைப் பார்க்க வேண்டும். செயின் பக்கம் கை போகக் கூடாது. டிகம்ப்ரஷன் லிவரைத் தொடக் கூடாது. கம்ப்ரஷன் எதிர்த்து நின்றால்தான் கிளட்ச்சுக்குப் பாரம் விழும்.

பிரஷர் பிளேட் சுற்றி, டிரம் நின்று, கோடு இரண்டாக உடைந்தால் கிளட்ச் ஸ்லிப். கிக்கர் கீழே போயும் பிரஷர் பிளேட்டே அசையவில்லை என்றால் கிளட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். வலப்பக்கம் கிக்கர் ராச்செட்டைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு இந்தச் சோதனை ஒத்துவராது. அதன் கிக்கர் கிளட்ச் டிரம்மைச் சுழற்றி என்ஜினைத் திருப்புவதால் கிளட்ச்சை இழுத்துக்கொண்டே கியரில் கிக் பண்ணலாம்.

ஸ்லிப்தான் என்று உறுதியானால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

லிவரில் ஆட்டமே இல்லையா? ராடு பிரஷர் பிளேட்டைச் சதா தள்ளிக்கொண்டே இருக்கும். காசு செலவில்லாத காரணம் இது ஒன்றுதான்.

அடுத்தது ஆயில். கார் என்ஜின் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காருக்கு அது மைலேஜ், ஆயிலில் நனைந்து ஓடும் ஈரக் கிளட்ச்சுக்கு அது வழுக்கல். டப்பாவின் பின்புறம் ஜாஸோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட 20டபிள்யூ-50 பைக் ஆயில் நல்லது. ஜாஸோ எம்பி என்று இருந்தால் அது உலர் கிளட்ச் ஸ்கூட்டருக்கு, தொடாதீர்கள். புல்லட்டில் பிரைமரி ஆயில் தனி, என்ஜின் ஆயில் தனி, கியர்பாக்ஸ் தனி. அதனால் பிரைமரிக்கு மட்டும் நல்லதாக ஊற்றுவது பெரிய செலவில்லை. அளவு, லெவல் ஸ்க்ரூவில் வழியும் வரை. 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று ஊற்றினால் கிளட்ச் இழுப்பு மந்தமாகும்.

வடித்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். கெட்ட முட்டை மாதிரி கந்தக வாடை வந்தால் கியர்பாக்ஸின் இபி 90 கியர் ஆயில் புஷ் ராடு துளை வழியாகப் பிரைமரிக்கு வந்திருக்கிறது. வாடையே இல்லாமல் லெவல் மட்டும் ஏறியிருந்தால் கிராங்க் பக்கத்து சீல் வழியாக என்ஜின் ஆயில் வருகிறது. இரண்டிலும் பிளேட் மாற்றுவதற்கு முன் கசிவை அடைக்க வேண்டும். இபி ஆயில் ஊறிய ஃபிரிக்ஷன் பிளேட்டை (உரசும் பொருள் பதித்த பிளேட்) பெட்ரோலில் கழுவிப் பார்க்கலாம். பெரும்பாலும் நாலு நாள் ஓடிவிட்டு மறுபடி வழுக்கும்.

மூன்றாவது ஸ்பிரிங். எல்லா ஸ்பிரிங்கையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, பக்கத்தில் ஒரு புது ஸ்பிரிங்கையும் வையுங்கள். மேலே ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்தினால் குட்டையானது தெரிந்துவிடும். 1 மி.மீ. குறைந்தால் செட்டாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். 'ஹெவி ஸ்பிரிங்' என்று ஒன்று விற்பார்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு நல்ல பிளேட் பிடிக்கவில்லை என்றால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. ஹெவி ஸ்பிரிங் அதை மறைக்கும், கை வலிக்கும், ராடின் முனையைத் தின்னும்.

கடைசியில்தான் பிளேட். ஃபிரிக்ஷன் பிளேட்டின் தடிமனை வெர்னியரில் நாலு இடத்தில் எடுங்கள். அதே வண்டியின் புது பிளேட்டைவிட 0.3 மி.மீ. குறைந்தால் அதன் காலம் முடிந்தது. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் தடிமன் இருந்தும் பயனில்லை. தக்கை பதித்த பழைய பிளேட் என்றால் ஒவ்வொரு தக்கையும் உலோகத்துக்கு மேலே எழும்பி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய காலத்து ஃபிரிக்ஷன் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

எல்லாம் அளவில் இருந்தும் வழுக்குகிறதா? பிளேட் அடுக்கு முழுவதும் சேர்ந்து குட்டையாகி, பிரஷர் பிளேட் பிளேட்டை அழுத்தாமல் சென்டரின் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் தெரியும்.

முதல் கியர் போட்டதும் வண்டி தாவுகிறது, நிற்கும்போது நியூட்ரல் விழவில்லை

இது கிளட்ச் முழுசாக விடாத கேஸ். புல்லட்டில் குதிகால் நியூட்ரல் ஃபைண்டர் இருப்பதால் இந்தக் கோளாறோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. கியர் பல்லில் விழும் அடி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கே பார்க்க வேண்டியது ஒரே அளவு: லிவரை முழுசாக இழுத்தால் பிரஷர் பிளேட் எவ்வளவு எழும்புகிறது? கவர் கழற்றிய நிலையில் டிரம் விளிம்பிலிருந்து பிரஷர் பிளேட் வரை வெர்னியரின் ஆழ முனையால் ஒருமுறை எடுங்கள். லிவரை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு இன்னொரு முறை எடுங்கள். வித்தியாசம்தான் லிஃப்ட்.

இப்போது கணக்கு. நாலு ஃபிரிக்ஷன் பிளேட் என்றால் உரசும் முகம் எட்டு. முகத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி கிடைத்தால் பிளேட் சுத்தமாகப் பிரியும். 8 × 0.2 = 1.6 மி.மீ. லிஃப்ட் 1 மி.மீ.தான் என்றால் எந்தக் கம்பெனி பிளேட்டும் இழுபடத்தான் செய்யும். 'ஒரு பிளேட் கூடப் போட்டா பிடிப்பு கூடும்' என்று சிலர் அஞ்சாவதைச் சொருகுவார்கள். பிடிப்பு 25 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனால் அதே 1.6 மி.மீ. பத்து முகத்துக்குப் பங்கு போக வேண்டும், முகத்துக்கு 0.16. டிரம்மின் ஆழம் அதே. அதற்காக ஸ்டீல் பிளேட்டை மெலிதாக்கினால் அது சூட்டில் வளையும். ஒரு மூலையில் இழுத்த போர்வை மறு மூலையில் காலை வெளியே விடுகிற கதைதான்.

லிஃப்ட் குறைந்தால் அது எங்கே தொலைகிறது என்று லிவரிலிருந்து பின்தொடர்ந்து போங்கள். லிவரின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? பிறகு கேபிள் அவுட்டர், அதாவது இன்னர் கம்பியைச் சுற்றியுள்ள வெளி உறை. ஒருவர் லிவரை இழுக்க, அவுட்டரையே பாருங்கள். சாரை நெளிவது மாதிரி நெளிந்தால் உள்ளே சுருள் கம்பி மட்டமானது, இழுப்பில் பாதியை அது தின்றுவிடும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி கடலோர வண்டிகளில் உப்புக் காற்று இன்னர் இழைகளைத் துருவாக்கி அவுட்டரோடு ஒட்ட வைக்கும். வெளியே பிளாஸ்டிக் உறை புதுசு போலவே இருக்கும். மேல் முனையில் பாலிதீன் கவரைக் கூம்பாகக் கட்டி எண்ணெய் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் சரி என்றால் புஷ் ராடு. வெளியே உருவி முனையைப் பாருங்கள். நல்ல ராடின் முனை கடினப்படுத்தியது. அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும், கீறல் விழாது. லோக்கல் ராடில் அரம் கடிக்கும். அந்த மென்மையான முனை நூறு கிலோமீட்டரில் ஆணித்தலை மாதிரி விரிந்து, ராடு நாளுக்கு நாள் குட்டையாகும். 'வாரம் ஒருமுறை அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருக்கு' என்கிற வண்டிகளில் இதைத்தான் முதலில் பாருங்கள். விரிந்த முனை ஷாஃப்ட் துளைக்குள் சிக்கி வெளியே வராமல் அடம்பிடிக்கும். முனை நீலம் பூத்திருந்தால் ஆட்டமே இல்லாமல் ஓட்டிச் சூடேறியது. ராடுகளுக்கு நடுவே இரும்புக் குண்டு உள்ள வண்டிகளில் குண்டு உள்ளே இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். கழற்றும்போது கீழே உருண்டு போவது அதுதான்.

லிஃப்ட் போதும், ஆனாலும் விடவில்லை என்றால் பிளேட் நேராக இல்லை. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துச் சுற்றி 0.2 மி.மீ. பீலரை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிளேட் வளைந்தது. நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுக்க முடியாது. ஆனால் சில கிளட்ச்சில் வேண்டுமென்றே குழிவாகச் செய்த பிளேட் வரும். அதை வளைந்தது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதனால் பிரிக்கும்போதே பிளேட்டுகளை எடுத்த வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

டிரம்மின் காடியைப் பாருங்கள். பிளேட்டின் பல் முட்டி முட்டிப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்திருக்கும். லிவரை இழுத்தாலும் பல் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. அரை மி.மீ.க்குள் என்றால் எல்லாக் காடியையும் ஒரே அளவாகத் தட்டையரத்தால் சமப்படுத்தலாம். அதற்கு மேல் போனால் டிரம்மை மாற்றுங்கள். அதிகமாக அரம் போட்டால் காடி அகலமாகி 'கடகட' என்று சத்தம் போடும்.

லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரால் மெதுவாகச் சுற்றினால் பிரஷர் பிளேட் தட்டாமாலை ஆடுகிறதா என்றும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் அந்த எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்கோ கிண்ணமோ மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை.

காலையில் மட்டும் ஒட்டுகிறது

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையிலும் கொட்டகையில் நின்ற வண்டியின் ஸ்டீல் பிளேட்டில் துரு மெல்லிய படலமாகப் பூத்து ஃபிரிக்ஷனோடு ஒட்டிக்கொள்ளும். லிவரை இழுத்துப் பிடித்துச் சாவி போடாமல் நாலைந்து தடவை கிக்கரை மிதியுங்கள். கிக்கர் சட்டென்று லேசானால் பிளேட் பிரிந்தது. தினமும் இந்தக் கூத்து என்றால் ஆயில் பழசாகிப் பசையாகிவிட்டது, அல்லது லிஃப்ட் குறைவு. மேல்துரு மட்டும் என்றால் கண்ணாடி மேல் நைஸ் உப்புத்தாளைக் கிடத்தி எட்டுப் போடுவது போலத் தேய்த்தால் போகும். குழி விழுந்த பிளேட் போகாது. அது ஃபிரிக்ஷனை அரம் மாதிரி அராவும்.

எடுக்கும்போது உதறல்

வளைந்த பிளேட், காடி வெட்டு, தளர்ந்த சென்டர் நட்டு, தொய்ந்த பிரைமரி செயின், என்ஜின் மவுண்ட் போல்ட். இதில் செயின்தான் பலருக்கு மறந்துபோகிறது. செயினைச் சுற்றிச் சுற்றி அது அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 6 மி.மீ. ஆட்டம் வையுங்கள். தொய்ந்த இடத்தில் வைத்தால் இறுகிய இடத்தில் பேரிங்கை இழுக்கும்.

சத்தம்

லிவரை இழுத்தால் மட்டும் உறுமினால் டிரம் பேரிங். கிளட்ச் பிடித்திருக்கும்போது டிரம்மும் சென்டரும் ஒன்றாகச் சுற்றும், பேரிங்குக்கு வேலையே இல்லை. இழுத்தால்தான் வேலை. லிவரை விட்டால் வரும் சத்தத்துக்குச் செயினையும் கியர்பாக்ஸையும் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை

ஆர்எக்ஸ் 100, ஜாவா, யெஸ்டியில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடும். வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லாமல் ஆயில் குறைந்து, சைலன்சர் புகை தள்ளினால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய், என்ஜின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. கிளட்ச் திறந்திருக்கும்போதே சீலையும் மாற்றிவிடுங்கள். பழைய ஜாவாவில் கியர் லிவரை மிதித்தாலே கிளட்ச் தளரும் அமைப்பு உண்டு. காலை அதன் மேல் சாய்த்து வைத்தபடி ஓட்டினால் பிளேட் கருகும். அதற்குப் பாகம் வாங்க வேண்டியதில்லை, காலை எடுத்தால் போதும்.

கடையில்

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, புல்லட்டுக்குப் புல்லட் சேரும்" என்பார்கள். சேராது. 350-க்கும் 500-க்கும், நாலு கியருக்கும் இடது கால் அஞ்சு கியருக்கும் ஒரே கிளட்ச் என்று நம்பி வாங்காதீர்கள். பழைய பிளேட்டையும் வெர்னியரையும் கையோடு கொண்டு போங்கள். பல் எத்தனை, பல்லின் அகலம், உள் விட்டம், தடிமன். புது செட்டை அடுக்காக வைத்து மொத்த உயரத்தையும் எடுங்கள். தனித்தனிப் பிளேட்டில் 0.1 மி.மீ. கூடினால் பெரிதாகத் தெரியாது. எட்டுப் பிளேட்டில் 0.8 ஆகி அடுக்கின் உயரத்தையே மாற்றிவிடும். ஸ்டீல் பிளேட்டை அங்கேயே கண்ணாடி ஷோகேஸ் மேல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

டிரம் மாற்றினால் செயினும் என்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். புதுப் பல்லில் நீண்ட செயின் ஏறி உட்காராது. பிளேட் போகிற ஒவ்வொரு முறையும் ராடும் கேபிளும் நல்லதாகப் போடுங்கள். செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாத இரண்டு இவைதான்.

மாட்டும்போது

ஆல்டர்னேட்டர் வண்டியில் செயின் இணைப்பில்லாத முழு வளையம். அதனால் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் (நிற்கும் பாகம்), ரோட்டர் (சுற்றும் பாகம்) கழற்றிய பிறகு என்ஜின் ஸ்ப்ராக்கெட், செயின், டிரம் மூன்றையும் ஒன்றாகத்தான் எடுக்கவும் மாட்டவும் வேண்டும். ஸ்டேட்டரைத் திரும்ப மாட்டும்போது ரோட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். ரோட்டர் காந்தம் என்பதால் பித்தளை ஷிம் அல்லது தடித்த காகிதத்தால் பாருங்கள். இரும்புப் பீலர் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

ஃபிரிக்ஷன் பிளேட்டை ஊற்றப்போகும் அதே ஆயிலில் நாலு மணி நேரம் ஊற விடுங்கள், தக்கை என்றால் ராத்திரி முழுக்க. அச்சில் வெட்டிய ஸ்டீல் பிளேட்டில் ஒரு விளிம்பு மழுங்கலாகவும் மறு விளிம்பு கூராகவும் இருக்கும். மழுங்கிய முகம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். பிசிறை உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறி இரண்டு சுற்றாக ஏற்றுங்கள். கவர் மாட்டும் முன் லிஃப்டை மறுபடி அளந்து, பிரஷர் பிளேட் நேராக எழும்புவதைக் கண்ணால் பாருங்கள். ரப்பர் பேக்கிங் பழசாகிக் கடினமாகியிருந்தால் நட்டை இன்னும் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைக்காதீர்கள். கவர் வளையும், கசிவு பெரிதாகும்.

முதல் 100 கிலோமீட்டரில் புதுப் பிளேட் படிந்து லிவரின் ஆட்டம் குறையும். அப்போது கேபிளைத் தொடாமல் வலப்பக்கத்துத் தகட்டைக் கழற்றி ஸ்க்ரூவிலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள்.